கப்பலக்காவின் ஏழு சரக்குகள்

தகரத்தின் முழங்கை ஊன்றக் கூடாத இடத்தில் ஊன்றியதால், ஏழு சரக்குகளும் ஒரே சமயத்தில் விண்கலத்தை விட்டுக் கழன்றுகொண்டன.

திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதலில் தண்ணீர்த் தொட்டி கிளம்பியது. அதன் பின்னால் மடக்கி வைத்த தொலைநோக்கி, மூன்று செயற்கைக்கோள்கள், ஆறு சக்கரம் வைத்த ஒரு வண்டி, கடைசியாக என்னவென்று தெரியாத ஒரு டப்பா. கடைசி நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்களைப் போல, ஒன்றையொன்று திரும்பிப் பார்க்காமல் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

"நான் எதையும் தொடலையே," என்றான் தகரம், முழங்கையை விசைப்பலகையிலிருந்து எடுக்காமலே.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. காலி டின்னில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஓயாமல் பேசுவதால் பள்ளிக்கூடத்திலேயே தகரம் ஆகிவிட்டான். முப்பத்தெட்டு வயதில் கொஞ்சம் துரு ஏறியிருந்ததே தவிர, சத்தம் குறையவில்லை. பயம் வந்தால் சத்தம் கூடும். இன்று காலையிலிருந்து அவன் வாய் ஓயவே இல்லை.

பக்கத்தில் நின்ற துப்பறிவாளர் அவனுடைய அக்காவின் கணவர். ஊருக்கு அவர் 'சார்', இவனுக்கு அத்தான். காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருடம் பொய்க் கணக்கு பிடித்துவிட்டு, பிறகு தனியாகத் தொழில் தொடங்கியவர். கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார். இன்னொரு கேள்வி கேட்பார். சாம்பாரில் உப்பு சரியா என்று அக்கா கேட்டதற்கு, "ஏன், நீ ருசி பாக்கலையா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் வெளியில் சாப்பிட்டவர்.

கழன்றுபோனவை விளையாட்டுச் சரக்குகள்தான். விண்வெளியில் பறப்பதை அச்சு அசலாகச் செய்து பார்க்கும் சிமுலேட்டர் ஒன்று இருக்கிறது. அதற்காக, உலகத்தில் இல்லாத கப்பல்களைக் கற்பனை செய்து, எடையும் எரிபொருளும் சரக்கும் பிசகில்லாமல் பொருத்தி, இணையத்தில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அவற்றை இறக்கி ஓட்டுகிறார்கள். இப்படி நாற்பத்தொரு கப்பல் செய்தவளை அந்த உலகம் 'கப்பலக்கா' என்று கூப்பிட்டது. அவளுடைய கப்பல்களுக்குச் சரக்கு செய்து பெயர் வாங்கியவர், இவர்கள் இப்போது வந்து நிற்கிற இந்த வீட்டுக்காரர். அவர் பெயர் 'சரக்கண்ணன்'. அதைக் கேட்டதும் கடை எத்தனை மணிக்குத் திறப்பார் என்று பேருந்தில் தகரம் விசாரித்தான். முன் இருக்கைக்காரர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை.

கப்பலக்காவைக் காணவில்லை. இன்றோடு மூன்றாவது நாள்.

காலையில் அவளுடைய தங்கை அவர்களுடைய அலுவலகத்துக்கு வந்து, கைப்பையிலிருந்து நீல நிற மூச்சு மருந்துக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இது இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போக மாட்டாள். அப்படிப்பட்டவள் இதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தூசியும் அடைசலுமான இடத்தில் இருந்தால் எத்தனை நாள் தாங்குவாள் என்று டாக்டரைக் கேட்டதற்கு, அவர் பேனாவை மூடி மூடித் திறந்தாராம்.

காவல் நிலையத்தில் வேறு விதமாகச் சொன்னார்கள். நேற்று விடியற்காலையில் கப்பலக்காவின் பெயரில் நாற்பத்திரண்டாவது கப்பல் 'ஊர்க்குருவி' இணையத்தில் ஏறியிருந்தது. கூடவே ஒரு குறிப்பு. கொஞ்ச நாள் தனியாக இருக்க விரும்புகிறேன், யாரும் தேட வேண்டாம், நாளை மறுநாள் காலை நேரலையில் சரக்கண்ணன் இந்தக் கப்பலின் சரக்குகளை இறக்கிக் காட்டுவார் என்று. கப்பல் விடுகிற பெண்ணைக் காணோம் என்று எப்படி எழுதிக்கொள்வது என்றார்களாம். மூச்சு மருந்தைக் காட்டியபோது, மருந்துக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது என்றார்களாம்.

"உயிரோட இருக்காங்களா அத்தான்?" என்று பேருந்தில் மூன்று முறை கேட்டான் தகரம்.

"மணி என்ன மாப்ளே?" என்றார் அவர் மூன்று முறையும். கைபேசியில் சரக்கண்ணன் வருடக்கணக்காக எழுதித் தள்ளிய இணையக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தார். விண்வெளியில் காற்று கிடையாது, ஆகவே சத்தமும் கிடையாது, சிமுலேட்டரில் எஞ்சின் சத்தம் வைத்து ஓட்டுகிறவன் சினிமாவுக்குப் போகலாம் என்று பதினொரு பக்கத்துக்கு ஒருவரைத் திட்டியிருந்ததை, ரசித்து ரசித்து வாசித்துக் காட்டினார். கொட்டாவியை அடக்கியதில் தகரத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இப்போது அந்தக் கட்டுரையாளர் அவர்களுக்குப் பின்னால் நின்று, இருட்டுக்குள் போகும் தன்னுடைய ஏழு சரக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெலிந்த மனிதர். லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். மணிக்கட்டு மட்டும் உடம்போடு சேராமல் தடியாக இருந்தது. சுவரில் அளவு வாரியாக ஸ்பானர்களை மாட்டியிருந்தார். கதவைத் திறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றுதான் சொன்னார். கப்பலக்கா எங்கே போயிருப்பாள் என்றால், கலைஞர்கள் அப்படித்தாங்க என்றார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றால், நாள் எல்லாம் யார் ஞாபகம் வைக்கிறாங்க என்றார். உயிரோடு இருக்கிறாளா என்று தகரம் பட்டென்று கேட்டதற்கு, தண்ணி குடிக்கிறீங்களா என்றார்.

மூன்றாவது மாடி அறை. மேஜைக்கு இடது மூலையில், கட்டியவர்கள் மறந்துபோய் விட்டது போல ஒரு தூண் புடைத்துக்கொண்டு நின்றது. விளக்குச் சுவிட்சு முழங்கால் உயரத்தில் இருந்தது. மேஜைக்கு நேர் எதிர்ச் சுவரை, ஆளுயரக் கண்ணாடி பதித்த பெரிய மர அலமாரி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு ஒலிபெருக்கிகளில் கப்பலின் எஞ்சின் சத்தம், மாவு மில்லுக்குள் நிற்பது போலக் காதை அடைத்தது.

"திருப்பி உள்ளே வைச்சிடுங்களேன்," என்று அத்தான் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சரக்கண்ணனிடம் சொன்னார். "நீங்க செஞ்சதுதானே."

"சரிங்க," என்று சரக்கண்ணன் உட்கார்ந்தார். அந்நிய வீட்டில் இருட்டில் சுவிட்சு தேடுகிறவர் போல, ஒவ்வொரு விசையாகத் தடவித் தடவி அழுத்தினார். கப்பல் குட்டிக்கரணம் போட்டது. சூரியன் மேலே போய்க் கீழே வந்தது. ஏழில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

கப்பல் புரண்டபோது அதன் வயிற்றில் எழுதியிருந்த பெயர் திரையில் வந்தது. தகரத்துக்கு அது எந்த மொழி என்றே தெரியவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் ஊர்க்குருவி இட வலம் மாறி, கடைசி எழுத்து முன்னாலும் முதல் எழுத்து பின்னாலுமாக, ஒவ்வொரு எழுத்தும் திரும்பிக்கொண்டு நிற்பது புரிந்தது. எழுதினவங்க கார் கண்ணாடியில பாத்து எழுதினாங்களா என்று கேட்டான்.

இதற்கு மட்டும் சரக்கண்ணன் சந்தோஷமாகப் பதில் சொன்னார். வரைகிற மென்பொருளிலிருந்து சிமுலேட்டருக்கு மாற்றும்போது, குறுக்கே போகும் அளவுகளுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட வேண்டும். போட மறந்தால் கப்பல் முழுவதும் இட வலம் மாறிவிடும். புதிதாக வருகிற எல்லாரும் முதல் கப்பலில் செய்கிற தப்பு.

"அவங்களுக்கு இது நாப்பத்திரண்டாவது இல்லையா?" என்றார் அத்தான்.

"களைப்பா இருந்திருப்பாங்க," என்றார் சரக்கண்ணன்.

அத்தான் கொஞ்ச நேரம் ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். இங்கே சிக்னல் இல்லை, கீழே போய்க் கப்பலக்காவோட தங்கச்சிக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேன், அதுவரைக்கும் சிந்தினதைப் பொறுக்கி வை மாப்ளே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவருடைய கைபேசியில் நான்கு கோடும் நிறைந்திருந்ததைத் தகரம் கவனித்தான். கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு நடிப்பா என்றுதான் நினைத்தான்.

சரக்கண்ணன் எழுந்து இடம் கொடுத்தார். தகரம் உட்கார்ந்தான். ஏழு சரக்கையும் துரத்திப் பிடிப்பது எப்படி என்று அவனுக்கும் தெரியாது. ஆனால் மௌஸை அசைத்தால் பார்வை நகர்கிறது என்று கண்டுபிடித்துவிட்டான். காலியாகிப்போன சரக்கு அறைக்குள் பார்வையை நுழைத்தான். சரக்கு இருந்தவரை அதன் பின்சுவர் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அங்கே ஒரு சின்னக் கதவு இருந்தது. அதன்மேல் ஓர் அம்புக்குறி, இடப்பக்கம் காட்டிக்கொண்டு. அம்பின் கீழே 'தள்ளு' என்ற சொல், அதுவும் இட வலம் மாறி.

கதவு வழியாகப் பார்வை உள்ளே போனது. கப்பலை ஓட்டுகிறவர்கள் உட்காரும் அறை. எதிரே ஒரு மேஜை, அதன்மேல் திரை. அதற்கு வலது மூலையில் ஒரு தூண் புடைத்துக்கொண்டிருந்தது. எடையே இல்லாத இடத்தில் எதைத் தாங்குவதற்குத் தூண் என்று சொல்லிச் சிரிக்க வாயைத் திறந்தான். அப்போதுதான் சுவரில் சுவிட்சுப் பலகை கண்ணில் பட்டது. முழங்கால் உயரத்தில்.

வாய் திறந்தபடியே நின்றது. சத்தம் வரவில்லை. தகரத்தின் வாழ்க்கையில் அது அபூர்வம்.

மெதுவாக நாற்காலியைத் திருப்பினான். எதிர்ச் சுவரில் அலமாரியின் ஆளுயரக் கண்ணாடி. அதற்குள் இந்த அறை தெரிந்தது. எதிரே மேஜை. திரை. வலது மூலையில் தூண். முழங்கால் உயரத்தில் சுவிட்சு. கப்பலுக்குள் அந்தச் சின்னக் கதவில் நின்று பார்த்தால் என்ன தெரிந்ததோ, அதேதான் கண்ணாடிக்குள்ளும் தெரிந்தது. கப்பலில் இல்லாத ஒரு பொருள் மட்டும் கண்ணாடிக்குள் கூடுதலாக இருந்தது. அது அவனுடைய முகம். மோர் நிறத்தில் இருந்தது.

அவள் களைத்துப்போய் மறக்கவில்லை. இந்த மேஜையில் உட்காரவைக்கப்பட்டவள், தெரிந்தே அந்தக் கழித்தல் குறியைப் போடாமல் விட்டிருக்கிறாள். தன் அறையை ஒருவன் தினமும் பார்க்கலாம். இட வலம் மாற்றிக் காட்டினால் அது அடுத்த வீட்டுக்காரனுடைய அறை. எழுதியதையெல்லாம் ஒருவன் வரிக்கு வரி படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவான் என்றால், சொல்ல வேண்டியதை எழுத்தில் வைக்க முடியாது. தொழில் தெரிந்தவன் பார்த்துச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகிற ஒரு தப்புக்குள் வைக்கலாம்.

சரி, கப்பலில் அந்தச் சின்னக் கதவு இருக்கும் இடத்தில் இந்த அறையில் என்ன இருக்கிறது? தகரம் கணக்கில் புலி அல்ல. ஆனால் இதற்குக் கணக்கு தேவைப்படவில்லை. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி பதித்த அலமாரி.

"என்னங்க பாக்குறீங்க?"

கண்ணாடிக்குள், அவன் தோளுக்குப் பின்னால் சரக்கண்ணன் நின்றார். கையில் ஸ்பானர். சுவரில் வரிசை கலைந்திருந்தது. இருந்ததிலேயே பெரியது அங்கே இல்லை.

"தலைமுடிங்க," என்றான் தகரம். குரல் வேறு யாரோ கொடுத்தது போல வந்தது. "முன்னாடி கொட்டுது. எங்க அக்கா தேங்காயெண்ணெய் வைக்கச் சொல்லுது. அத்தான் தொப்பி வைக்கச் சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

 சரக்கண்ணனுடைய பார்வை திரைக்குப் போனது. திரையில் தூண் நின்றது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். பிறகு நடந்துபோய், அறைக்கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போட்டார்.

 தகரத்துக்குப் பேச்சை விட்டால் வேறு ஆயுதம் கிடையாது. ஆகவே பேசினான். நாளைக்கு எத்தனை பேர் பார்ப்பாங்க என்று கேட்டான். கப்பலை விடுங்க, சரக்குதானே விஷயம் என்றான். பேருந்து காலியாகப் போனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்றான். எது உளறல், எது உபசாரம் என்று அவனுக்கே தெரியாத வேகத்தில் வந்து விழுந்தது.

"சரக்குதான் விஷயம்னு அவங்க சொல்லவே மாட்டாங்க," என்றார் சரக்கண்ணன் திடீரென்று. குரலில் "சரிங்க" இல்லை. "பதினோரு வருஷம். இனிமே தனியா பண்ணிக்கிறேன்னு ஒரே வரியில சொல்லிட்டாங்க. நாளைக்கு எல்லாரும் பாக்குறப்போ என்னால ஒரு தொட்டியைக்கூட இறக்க முடியலன்னா என்ன நினைப்பாங்க?"

ஒரு சரக்குகூட அவர் செய்ததில்லை. தகரத்துக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஏழையும் அவள்தான் செய்திருக்கிறாள். அதற்கு முன் நாற்பத்தொரு கப்பலில் ஏற்றியதும் அவள் செய்ததுதான். பக்கத்தில் நின்றவருக்குப் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறாள். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. தகரத்தின் மனசு அப்படித்தான், யாரைப் பார்த்தாலும் இளகிவிடும். ஸ்பானர் உயர்ந்ததும் இளகியது இறுகிக்கொண்டது.

கதவு தட்டப்பட்டது.

"மாப்ளே, உள்ளதானே இருக்கே?" அத்தானின் குரல். "சார்கிட்ட சொல்லு. பத்திரிகையிலேர்ந்து ஒருத்தர் வந்து கீழே நிக்கறாரு. கப்பலைப் பத்தி இல்லையாம். சரக்கு செஞ்சவரைத்தான் ஒரு படம் எடுக்கணுமாம். மேலே வெளிச்சம் போதாதாம்."

ஸ்பானர் அந்தரத்தில் நின்றது. உயர்ந்த கை இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதைத் தகரம் கண்ணாடியில் பார்த்தான். தன் மண்டையின் தலைவிதியைப் பின்பக்கமாக நின்று பார்க்கிற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

"என்னைங்களா?" என்றார் சரக்கண்ணன்.

"நீங்கதானே செஞ்சீங்க?" என்றது கதவுக்கு வெளியே இருந்த குரல்.

ஸ்பானர் மேஜைமேல் வைக்கப்பட்டது. சரக்கண்ணன் கண்ணாடி முன் வந்து, தகரத்தை இலேசாக ஒதுக்கிவிட்டு, தலையை வாரிக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். தாழ்ப்பாளைத் திறந்தார். போகும்போது, அவர் பின்னால் தகரம் வெளியே வந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். கதவை இழுத்து வெளியிலிருந்து பூட்டப் போனார். அத்தான் அதற்குள் வாசற்படியில் காலை வைத்துவிட்டிருந்தார். சரக்கண்ணன் அவரைப் பார்த்தார். கீழிருந்து யாரோ, "சார், வெளிச்சம் போயிட்டிருக்கு," என்றார்கள். அது பெண் குரல். சரக்கண்ணன் இறங்கினார்.

படிக்கட்டின் அடியில் காத்திருந்தவர் காவல் நிலையத்துப் பெண் ஏட்டு என்பதும், அவர் கையில் கேமரா இல்லை என்பதும் சரக்கண்ணனுக்குக் கடைசிப் படியில்தான் தெரியவரும். அதுவரை அவர் தலை கலையாமல் இறங்கினார்.

அவர் பின்னாலேயே திரும்பிய அத்தான், ஒரு கணம் நின்று சொன்னார். "மாப்ளே, சத்தத்தைக் குறை."

பதினைந்து வருடமாக இதே வார்த்தையைக் கேட்டு வருகிறான் தகரம். இந்த நேரத்திலுமா என்று கோபம் வந்தது. நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று சொல்லப் போனான். அவர் விரல் தன்னைக் காட்டவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒலிபெருக்கியைக் காட்டியது.

விண்வெளியில் சத்தமே கிடையாது என்று பதினொரு பக்கம் எழுதிய மனிதர், வீட்டில் சுவர் அதிர எஞ்சினை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதுவோ கேட்டுவிடக் கூடாது என்றால் மட்டும்தான் ஒருவர் தன் கொள்கைக்கு இப்படி வேட்டு வைப்பார். அத்தான் கதவு திறந்த மறு நிமிடமே கண்டுகொண்டிருக்கிறார். கண்டுகொண்டு, ஏட்டு வந்து சேர்கிற வரைக்கும் மச்சினனை இங்கே காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும், சொல்கிற அளவுக்கு உயிர் இருந்தால்.

தகரம் பொத்தானைத் திருகினான். எஞ்சின் அடங்கியது.

அமைதியாக இருந்தது. ஒலிபெருக்கி அலறியபோது இருந்ததைவிட இப்போதுதான் அவனுக்கு அதிகமாகப் பயமாக இருந்தது. கீழே யாரோ படியில் தடுமாறும் சத்தம். தெருவில் ஒரு ஸ்கூட்டர். அலமாரிப் பக்கமிருந்து எதுவும் இல்லை.

காதைக் கண்ணாடியில் வைத்தான். குளிர்ந்தது. தன் இதயம் அடிப்பதுதான் கேட்டது. அதையும் அடக்கச் சொல்ல முடியுமானால் சொல்லியிருப்பான். மூச்சைப் பிடித்துக்கொண்டான். அப்போது, மிக மெல்லிதாக, ஓட்டை விழுந்த துருத்தியை யாரோ களைத்துப்போய் இழுப்பது போல ஒரு சத்தம். இழுத்தது. நின்றது. நின்றபடியே இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி இழுத்தது.

"அம்மா," என்றான். அப்படி ஏன் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. "நான் உங்க தங்கச்சி அனுப்பின ஆளு. பேசாதீங்க, மூச்சை வச்சுக்குங்க. நான் தள்ளிடறேன்."

தோளைக் கொடுத்து முட்டினான். அலமாரி அசையவில்லை. அடியில் பார்த்தால் சக்கரமும் தண்டவாளமும் இருந்தன. லிஃப்ட்காரர் வேலை, சுத்தமாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும்தான் ஓடும். மறுபக்கம் தள்ளினால் இரும்பு முளை ஒன்று குழிக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் கடப்பாரை வர வேண்டும். கடப்பாரை வருகிற வரைக்கும் அந்த மூச்சு காத்திருக்குமா?

கப்பலில் அம்புக்குறி இடப்பக்கம் காட்டியது. ஆனால் கப்பலே இட வலம் மாறியது. ஆகவே வலது. ஆனால் அவன் கப்பலில் அந்தக் கதவை எந்தப் பக்கம் நின்று பார்த்தான்? சரக்கு அறைப் பக்கமிருந்து. அதாவது அவள் பக்கமிருந்து. ஆகவே இடது. இல்லை, ஏற்கெனவே ஒரு முறை மாற்றியாகிவிட்டதா? உள்ளங்கை இரண்டும் வியர்த்து, கண்ணாடியில் பத்து விரலும் பதிந்தன. எதிரே நின்ற தகரமும் அதே மாதிரி விழித்தான். அவனுக்கும் தெரியவில்லை.

இன்று காலையிலிருந்து அவன் காதில் விழுந்த ஒரு கேள்விக்கும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. டாக்டர் பேனாவை மூடினார். ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்றார். ஒருவர் மணி கேட்டார். இனி கேட்க மிச்சமிருப்பது ஒரே ஆள்தான், அந்த ஆளிடம் பதில் சொல்ல மூச்சு மிச்சமிருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை. எந்தப் பக்கம் தள்ளணும்?"

துருத்தி ஒரு முறை இழுத்தது. இன்னொரு முறை.

"இடது."

"உங்க இடதா, என் இடதா?"

உள்ளே வெகு நேரம் ஒன்றும் இல்லை. அவன் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு, நாற்பத்திரண்டு கப்பலை அங்குலம் பிசகாமல் செய்தவளின் குரல், கிழிந்து நைந்து, ஆனால் சந்தேகத்துக்குக் கொஞ்சமும் இடமில்லாமல் வந்தது.

"உங்க இடது."